வயல் தரிசாகக் கிடந்த வருடம்

நெய்யாற்றின்கரையில் பிறந்து பேனாவால் பேர் வாங்கியவர் சுதேசாபிமானி ராமகிருஷ்ண பிள்ளை. திருவிதாங்கூர் திவானைத் தான் ஆசிரியராக இருந்த பத்திரிகையில் கிழிகிழியென்று கிழித்ததற்காக 1910 செப்டம்பர் 26 அன்று பத்திரிகையின் அச்சகம் பறிமுதலாயிற்று. நாட்டை விட்டே துரத்தப்பட்டார். இரண்டு வருடம் கழித்து கார்ல் மார்க்ஸின் வாழ்க்கை வரலாற்றை மலையாளத்தில் எழுதினார். இந்திய மொழி எதிலும் அதற்கு முன் அப்படியொரு புத்தகம் வந்ததில்லை. எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் பேச்சுப்போட்டி என்றால் அவர் பெயர் வராமல் இருக்காது. டீச்சராக இருந்த காலத்தில் நானே எத்தனையோ பிள்ளைகளுக்கு அந்தப் பேச்சை எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அதே 1910 மார்ச் 2ஆம் தேதி அவர் எழுதிய தலையங்கத்தை மட்டும் யாரும் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. புலையர் பிள்ளைகளை அரசுப் பள்ளிகளில் மற்றவர்களோடு சேர்த்து உட்கார வைக்கலாம் என்று அரசாங்கம் முடிவெடுத்திருந்தது. ராமகிருஷ்ண பிள்ளை அதை எதிர்த்தார். தலைமுறை தலைமுறையாக அறிவைப் பயிரிட்டவர்களையும் நிலத்தைப் பயிரிட்டவர்களையும் ஒன்றாக உட்கார வைப்பது, குதிரையையும் எருமையையும் ஒரே நுகத்தில் பூட்டுகிற காரியம் என்பது அவர் வாதம்.

அவர் எருமை என்று சொன்ன கூட்டத்தில் என் அம்மாவைப் பெற்ற பாட்டியின் தாயாரும் உண்டு. மாறநல்லூர்ப் பக்கத்து வயல்களில் ஞாறு நட்டவர். பாட்டி கல்யாணமாகிப் பாறசாலைப் பக்கம் வந்தார். எங்கள் வீட்டில் அப்பா வழி தமிழ், அம்மா வழி மலையாளம். இஞ்சிவிளையில் அது யாருக்கும் விசேஷமில்லை. சந்தையில் தமிழில் விலை கேட்டு மலையாளத்தில் பேரம் பேசுகிற ஊர் இது.

அப்பா வழியில் எழுத்து கொஞ்சம் முன்னாலேயே வந்துவிட்டது. லண்டன் மிஷன்காரர்கள் பாறசாலையில் முகாம் போட்டுப் பள்ளிக்கூடம் வைத்திருந்தார்கள். மயிலாடியில் மகராசன் வேதமாணிக்கம் அழைத்து, 1806இல் ரிங்கல்தௌபே என்ற மிஷனரி வந்து தொடங்கிய வேலை அது. அங்கே சாம்பவர் பிள்ளைக்கும் நாடார் பிள்ளைக்கும் பலகையில் இடம் கிடைத்தது. அம்மா வழிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. திருவிதாங்கூரில் அடிமை முறையை 1855இல் ஒழித்தார்கள் என்று புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் அதற்குப் பிறகும் அவர்கள் பொது ரோட்டில் நடக்க முடியாது, சந்தைக்குள் போக முடியாது. பள்ளிக்கூடம் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

1956இல் எல்லைக்கோடு விழுந்தபோது விளவங்கோடு வரை தமிழ்நாட்டுக்குப் போயிற்று, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கோட்டுக்குத் தெற்கே உள்ளவர்களுக்கு, நாடார் பெண்கள் மேலாடை உரிமைக்காக நடத்திய தோள்சீலைப் போராட்டம் தெரியும், அய்யன்காளியைத் தெரியாது. வடக்கே உள்ளவர்களுக்கு நேர்மாறு. இரண்டும் ஒரே ராஜ்யத்தில், ஒரே ராஜபாட்டையின் இரண்டு பக்கமும் நடந்தவை.

புலையர் தலைவர் அய்யன்காளி 1863இல் வெங்ஙானூரில் பிறந்தார். பாறசாலையிலிருந்து பஸ் ஏறினால் உதியன்குளங்கரை, அமரவிளை, நெய்யாற்றின்கரை தாண்டிப் பாலராமபுரம் வரும். அங்கிருந்து கடல் பக்கம் திரும்பினால் வெங்ஙானூர். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. 1893இல் ஒரு வில்லுவண்டி வாங்கி, இரண்டு காளை பூட்டி, தலைப்பாகை கட்டிக்கொண்டு, போகக்கூடாது என்று சொன்ன ரோட்டில் ஓட்டிப் போனார். அடிக்க வந்தவர்களை அடித்தார். இந்தப் படத்தைத்தான் எல்லோரும் விரும்பி வரைகிறார்கள். பார்க்க நன்றாக இருக்கிறது. எனக்கு அதைவிடப் பெரியதாகப் படுவது பள்ளிக்கூடக் கதை.

1904 வாக்கில் வெங்ஙானூரில் ஒரு கொட்டகை போட்டுத் தம் பிள்ளைகளுக்குக் குடிப்பள்ளிக்கூடம் தொடங்கினார். அதைத் தீ வைத்துக் கொளுத்தினார்கள். 1907இல் சாதுஜன பரிபாலன சங்கத்தை ஆரம்பித்தார். சங்கத்தின் முதல் கோரிக்கைகளில் ஒன்று, சர்க்கார் பள்ளியில் எங்கள் பிள்ளைகளையும் சேர்க்க வேண்டும் என்பது. திவான் பி. ராஜகோபாலாச்சாரி மதராஸ் பக்கத்துத் தமிழர். ராமகிருஷ்ண பிள்ளையை நாடு கடத்தியதும் இவர் காலத்தில்தான். பள்ளி விஷயத்தில் இவரும் கல்வித்துறைத் தலைவர் மிட்சலும் அய்யன்காளி பக்கம் இருந்தார்கள். உத்தரவும் வந்தது. கீழே இருந்த உத்தியோகஸ்தர்களும் தலைமையாசிரியர்களும் அதை அமுக்கி வைத்தார்கள். பத்திரிகைச் சுதந்திரத்துக்குப் போராடியவர் வாசலை அடைக்கச் சொன்னார். பத்திரிகையின் வாயை அடைத்தவர் வாசலைத் திறக்கச் சொன்னார். வரலாற்றில் நல்லவர் கெட்டவர் பட்டியல் போடுகிறவர்களுக்கு நெய்யாற்றின்கரை ஒரு தலைவலி.

உத்தரவு இருக்கிறது, பள்ளி இருக்கிறது, பிள்ளையும் இருக்கிறது; நடுவில் ஊர் நிற்கிறது. என்ன செய்வது? மனுக் கொடுத்துப் பார்த்தாயிற்று. கையில் பணமில்லை. நிலமில்லை. எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு ஆள் இல்லை. இருந்தது ஒன்றுதான்: அவர்கள் இறங்காவிட்டால் வயலில் ஒரு நாற்றுக்கூட நடப்படாது.

வேலைநிறுத்தம் தொடங்கியது. பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிட்டால் உங்கள் வயலில் முட்டிப்புல் முளைக்கும் என்று அய்யன்காளி சொன்னதாக இன்றும் ஊரில் சொல்வார்கள். முட்டிப்புல்லும் முளைத்தது. கூலிக்கும் வேலை நேரத்துக்கும் சேர்த்துத்தான் கோரிக்கை வைத்தார்கள். ஆனால் முன்னால் நின்றது பள்ளிக்கூடம். பிள்ளை படிப்பதற்காக விவசாயத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்திய கதை இந்தியாவில் இதற்கு முன்னால் எங்கும் நடந்ததாக நான் படித்ததில்லை.

நிலக்காரத் தம்புரான்கள் முதலில் சிரித்தார்கள். பசித்தால் தானே வருவார்கள் என்று நினைத்தார்கள். பிறகு தாங்களே சேற்றில் இறங்கிப் பார்த்தார்கள். பாட்டி இதைச் சொல்லும்போது மட்டும் குரல் மாறும். தன் தாயாரிடம் கேட்ட கதை அது. ஞாற்றைப் பிடிக்கத் தெரியாமல் வேரை மேலாக்கி நட்ட ஒரு காரணவரைப் பற்றிச் சொல்லிவிட்டுக் கை தட்டிச் சிரிப்பார். நடவு என்பது வேலையே இல்லை என்று அதுவரை நினைத்திருந்தவர்கள் அவர்கள். ஞாற்றை மூன்று விரலால் பிடித்து, பெருவிரலால் சேற்றுக்குள் அழுத்தி, விரலை எடுக்கும்போது குழி தானாக மூடும்படி எடுக்க வேண்டும். பின்னால் நகர்ந்துகொண்டே, குனிந்த இடுப்பை நிமிர்த்தாமல், ஒரு நாள் முழுக்க. பாட்டி தரையில் ஈர்க்குச்சி வைத்து எனக்குச் செய்து காட்டியிருக்கிறார்.

பட்டினியும் நிஜம். விழிஞ்ஞம் கடற்கரை மீனவர்களிடம் அய்யன்காளி போய்ப் பேசினார். ஒவ்வொரு வள்ளத்திலும் தம் ஆளில் ஒருவரை ஏற்றிக்கொள்ளச் சொன்னார், அவர்களும் ஏற்றிக்கொண்டார்கள். கடலுக்குப் போன கூலியில் அடுப்பு எரிந்தது. விழிஞ்ஞத்து வள்ளக்காரர்களுக்கு எந்த ஊரிலும் சிலை இல்லை என்பது என் மனக்குறை. ஒரு பயிர் போயிற்று, வயல் தரிசாகக் கிடந்தது, கடைசியில் நிலக்காரர்கள் இறங்கி வந்தார்கள். மாஜிஸ்திரேட் கண்டல நாகம் பிள்ளை நடுவில் உட்கார்ந்து பேசி முடித்தார். கூலி ஏறியது. பள்ளிச் சேர்க்கைக்கும் ஒப்புக்கொண்டார்கள்.

ஒப்புக்கொண்டது காகிதத்தில். 1911 டிசம்பரில் அய்யன்காளி ஸ்ரீமூலம் பிரஜா சபைக்கு நியமிக்கப்பட்டார். எழுத்தறியாத புலையர் ஒருவர் ராஜாவின் சபையில் எழுந்து நிலமும் பள்ளியும் உத்தியோகமும் கேட்டார். அவருக்கு முன்னால் அந்த மக்களுக்காகச் சபையில் பேசியவர் 'சுபாஷிணி' பத்திரிகையின் கோவிந்தப் பிள்ளை. அய்யன்காளியை நியமிக்கச் சொன்னதும் அவர்தான். பத்திரிகைக்காரப் பிள்ளைமார் எல்லோரும் ஒரே மாதிரி இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

சபையில் பேசியதற்கும் வாசலில் நிற்பதற்கும் எவ்வளவு தூரம் என்பது ஊரூட்டம்பலத்தில் தெரிந்தது.

பாலராமபுரத்தில் கைத்தறிக்காரர்களின் சாலியர் தெருவைத் தாண்டி, காட்டாக்கடை ரோட்டில் கொஞ்ச தூரம் போனால் ஊரூட்டம்பலம். பூஜாரி அய்யன் என்பவரின் மகள் பஞ்சமி. சின்னப் பெண். அவள் கையைப் பிடித்துக்கொண்டு அய்யன்காளி அங்கிருந்த சர்க்கார் பெண்பள்ளிக்குப் போனார். சேர்க்க முடியாது என்றார்கள். சர்க்கார் உத்தரவைக் காட்டிப் பிள்ளையை உள்ளே உட்கார வைத்தார். மற்றப் பிள்ளைகள் எழுந்து வெளியே ஓடினார்கள். வெளியே அடிதடி. அன்று இரவு பள்ளிக்குத் தீ வைத்தார்கள். ஒரு பெண்குழந்தை உட்கார்ந்த பெஞ்சு தீட்டுப்பட்டுவிட்டதாம். அதற்காக ஊர்ப்பிள்ளைகள் எல்லோருக்குமான கட்டடமே சாம்பல்.

கலவரம் மாறநல்லூர், கண்டலா என்று நெய்யாற்றின்கரைத் தாலுகா முழுக்கப் பரவியது. குடிசைகள் எரிந்தன. கொல்லம் ஆண்டு 1090இல் நடந்ததால் தொண்ணூறாமாண்டு லஹள என்றே இன்னும் பெயர். ஆங்கில வருடத்துக்கு 1914-15. பஞ்சமிக்கு அந்தப் பள்ளியில் தொடர்ந்து படிக்க வாய்க்கவில்லை.

அங்கிருந்த பெஞ்சுகளில் ஒன்று மிஞ்சியது. பள்ளியில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். தங்கையின் பேத்தியைக் கூட்டிக்கொண்டு பார்க்கப் போனேன். கனத்த பழைய மரம். தீ தின்ற பக்கம் முதலைத்தோல் மாதிரி வெடித்துக் கிடக்கிறது. தீப்படாத பக்கம் வழுவழு என்று இருக்கிறது. மரத்தைப் பார்த்தால் எதுவும் விளங்காது, கதை தெரிந்தால்தான் விளங்கும். பேத்தி குனிந்து பார்த்துவிட்டு, “அம்மச்சி, இதுல அந்தப் பிள்ளை எத்தனை நாள் இருந்தா?” என்று கேட்டாள். “ஒரு நாள்கூட முழுசா இல்ல மக்களே” என்றேன். “அப்போ பரீட்சை எழுதலியா?” பள்ளிக்கூடம் என்றால் அவளுக்குப் பரீட்சைதான். பக்கத்தில் நின்ற டீச்சர் சிரித்துவிட்டார்.

இந்த இடத்தில் அமெரிக்காவுக்குப் போக வேண்டியிருக்கிறது. இதே கதையின் இன்னொரு முடிவு அங்கே இருக்கிறது.

அலபாமா மாநிலத்தில் 1832இல் போட்ட ஒரு சட்டம், அடிமைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தால் 250 முதல் 500 டாலர் வரை அபராதம் என்றது. உள்நாட்டுப் போர் முடிந்து அடிமை முறை ஒழிந்த பின், 1867இல், மேரியன் என்ற சிற்றூரில் அடிமைகளாக இருந்து விடுபட்ட ஒன்பது பேர் சேர்ந்து 500 டாலர் திரட்டி லிங்கன் பள்ளியைத் தொடங்கினார்கள். பழைய அபராதத் தொகையும் இதுவும் ஒன்றாக இருப்பது தற்செயல்தான். ஆனாலும் கணக்குத் தீர்த்த மாதிரி இருக்கிறது. 1874இல் மாநில அரசு அதை ஏற்றது. உள்ளூர் வெள்ளை மாணவர்களோடு மோதல் வந்ததால் 1887இல் தலைநகர் மான்ட்கோமரிக்கு மாற்றினார்கள். கறுப்பினத்தவர் கல்லூரிக்கு அரசுப் பணம் போகக்கூடாது என்று அங்கும் கோர்ட்டுக்குப் போய்ப் பணத்தை நிறுத்தினார்கள். கொஞ்ச காலம் நன்கொடையில் தாக்குப்பிடித்தது. இன்று அதன் பெயர் அலபாமா ஸ்டேட் பல்கலைக்கழகம்.

அமெரிக்கத் தென்மாநிலங்களில் இப்படிப் பல அரசுப் பல்கலைக்கழகங்கள் உண்டு. 1890இல் வந்த மோரில் சட்டம், கல்லூரிக்கு மத்திய அரசின் பணம் வேண்டுமென்றால் கறுப்பினத்தவரையும் சேர்த்துக்கொள், இல்லையென்றால் அவர்களுக்குத் தனியாக ஒன்று கட்டு என்றது. மாநிலங்கள் தனியாகக் கட்டின. சேர்க்காமல் இருப்பதற்காகக் கட்டிய கல்லூரிகள் அவை. பணத்தில் பாரபட்சம், கட்டடத்தில் பாரபட்சம். அங்கே சட்டமே சுவராக நின்றது. இங்கே சட்டம் கதவைத் திறந்துவிட்டது, ஊர் சுவராக நின்றது. எது மோசம் என்று என்னைக் கேட்டால், ஊர்ச்சுவர்தான் என்பேன். சட்டத்தை மாற்ற ஒரு தீர்ப்பு போதும்.

ஆனால் மேரியனில் ஒன்பது பேர் தொடங்கிய அலபாமா ஸ்டேட் என்ன செய்தது பாருங்கள். 1955 டிசம்பரில் மான்ட்கோமரியில் ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண் பஸ்ஸில் வெள்ளையருக்கு இடம் கொடுக்க மறுத்துக் கைதானார். அன்று இரவு இதே கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்த ஜோ ஆன் ராபின்சன், கல்லூரியின் உருட்டச்சு யந்திரத்தில் விடிய விடியப் பல்லாயிரம் துண்டறிக்கை அடித்தார். திங்கட்கிழமை யாரும் பஸ் ஏறாதீர்கள். 381 நாள் கறுப்பினத்தவர் ஏறவில்லை. பஸ் கம்பெனி எங்கள் காசில்தான் ஓடுகிறது என்று கண்டுகொண்டவர்களும், வயல் எங்கள் இடுப்பில்தான் விளைகிறது என்று கண்டுகொண்டவர்களும் செய்தது ஒன்றே. இரண்டும் ஏறக்குறைய ஒரு வருடம்.

அந்தப் போராட்டத்தின் தலைவர் மார்ட்டின் லூதர் கிங் 1959 பிப்ரவரியில் இந்தியா வந்தார். கூட வந்தவர்களில் ஒருவர் லாரன்ஸ் ரெடிக், அலபாமா ஸ்டேட்டில் வரலாற்றுப் பேராசிரியர். திருவனந்தபுரத்தில் தாழ்த்தப்பட்ட பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளிக்குக் கிங் போனார். தலைமையாசிரியர் அவரைப் பிள்ளைகளிடம், அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் உங்களைப் போன்ற ஒரு தீண்டப்படாதவர் என்று அறிமுகம் செய்தார். கிங்குக்கு முதலில் சுருக்கென்றது. பிறகு, ஆமாம், நானும் அதுதான் என்று ஒப்புக்கொண்டதாக 1965இல் தன் தேவாலயப் பிரசங்கத்தில் சொன்னார். அந்தத் தலைமையாசிரியருக்குப் பின்னால் அய்யன்காளி நிற்கிறார் என்பது அமெரிக்கப் புத்தகங்களில் பெரும்பாலும் வருவதில்லை.

ஊர் திரும்பிய ரெடிக்கை மறு வருடமே, மாணவர் போராட்டம் எழுந்ததும், ஆளுநரின் நெருக்குதலில் வேலையை விட்டு நீக்கினார்கள். ஒன்பது மாணவர்களையும் வெளியேற்றினார்கள். அரசுப் பல்கலைக்கழகம் என்றால் சம்பளம் கொடுக்கிற கைதான் கழுத்தையும் பிடிக்கும். மாணவர்கள் வழக்குப் போட்டு 1961இல் ஜெயித்தார்கள். விசாரிக்காமல் மாணவரை வெளியேற்ற அரசுக் கல்லூரிக்கு அதிகாரமில்லை என்ற தீர்ப்பு இன்றும் அங்கே எடுத்துக்காட்டப்படுகிறது.

நமக்கு அப்படியொரு பல்கலைக்கழகம் வாய்க்கவில்லை. 1937 ஜனவரியில் காந்தி வெங்ஙானூர் வந்தபோது, என் சமூகத்தில் பத்து பி.ஏ. பட்டதாரிகளைப் பார்க்க வேண்டும் என்று அய்யன்காளி கேட்டார். அதே வருடம் நவம்பரில் திருவிதாங்கூர் பல்கலைக்கழகம் தொடங்கியது. அய்யன்காளி 1941இல் காலமானார். 2022இல் ஊரூட்டம்பலம் பள்ளிக்கு அய்யன்காளி - பஞ்சமி நினைவு அரசுப் பள்ளி என்று பெயர் வைத்தார்கள். ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று பெயர் பலகையில் ஏற.

மான்ட்கோமரிக்காரர்களிடம் பள்ளியைத் தொடங்கிய ஒன்பது பேரின் பெயரும் இருக்கிறது, வாங்கிய நிலத்தின் கதையும் இருக்கிறது. நம்மிடம் வேலைநிறுத்தம் 1907இல் தொடங்கியதா 1913இல் தொடங்கியதா என்பதே ஆராய்ச்சியாளர்களுக்குள் வழக்கு. பஞ்சமி பள்ளிக்குப் போனது 1910 என்பார் சிலர், 1914 என்பார் சிலர். செய்தவர்களுக்கு எழுதத் தெரியாது. எழுதத் தெரிந்தவர்கள் எருமையைப் பற்றி எழுதினார்கள், அதற்குத் தேதி சுத்தமாக இருக்கிறது.

பள்ளிகளில் அட்மிஷன் ரெஜிஸ்டர் என்று ஒன்று உண்டு. பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர், ஜாதி, சேர்ந்த தேதி, நின்ற தேதி, நின்றதற்குக் காரணம் எல்லாம் அதில் இருக்கும். கரையான் அரிக்காமல் எவ்வளவு மிஞ்சியிருக்கிறதோ அவ்வளவுதான் நமக்கு ஆவணம். பாறசாலையிலோ களியக்காவிளையிலோ நெய்யாற்றின்கரையிலோ உங்களுக்குச் சொந்தம் இருந்தால், உங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்குப் போனவர் யார், எந்தப் பள்ளி, எந்த வருடம், எத்தனையாம் வகுப்பில் நின்றார் என்று வீட்டில் வயதானவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். பள்ளியில் போய் அந்த ரெஜிஸ்டரைப் பார்க்க அனுமதி கேளுங்கள். என் பாட்டியின் பெயரை அப்படித்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.